பம்ப் எங்கே ஒழுகுகிறது?

எங்கள் ஜீப்பைத் தெரியாத தோழர்கள் குறைவு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை மாதம் இரண்டு முறையாவது ஏறி இறங்கும் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி. உதவித்தொகை விண்ணப்ப முகாமுக்கு ஜெராக்ஸ் மிஷினும் ஜெனரேட்டரும் அதில்தான் போகின்றன. மேலே சில மண்பாதைகளில் மழைக்காலத்தில் வேறு வண்டி ஏறாது. அதன் டீசல் பம்ப் ஒழுக ஆரம்பித்தபோது முகாமுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. நிறுத்திய இடத்தில் கைக்குட்டை அளவுக்கு ஈரம். டீசல் கசியும் இடம் வழியாகவே, வண்டி நிற்கும்போது காற்று உள்ளே புகுந்துவிடும். குழாயில் நிற்க வேண்டிய டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் அன்று முழுக்கத் தொல்லை இல்லை. இதனால்தான் பலர் பேட்டரியை மாற்றுவதும் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றுவதுமாகக் காசைக் கரைக்கிறார்கள்.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் பானட்டைத் திறந்து அரை நிமிடம் பார்த்துவிட்டு, "பம்ப் போச்சு, புதுசு போட்டுடுங்க" என்றார்கள். எங்கே ஒழுகுகிறது என்று கேட்டோம். "எல்லா இடத்துலயும்தான்" என்று பதில் வந்தது. இந்த மாதிரிப் பதிலைத் தாலுகா அலுவலகங்களில் நிறையக் கேட்டவர்கள் நாம். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம். தோழர்கள் நூறும் ஐம்பதுமாகக் கொடுத்த பணம் அது. எதற்குப் போகிறது என்று தெரியாமல் எப்படிக் கொடுப்பது?

நாமக்கல் லாரிகளின் ஊர். டீசல் பம்ப் தெரிந்த கைகள் அங்கே உண்டு. அங்கே ஒரு அண்ணன் முதலில் செய்தது, பம்பைத் துடைத்துக் காயவைத்து, மேலே முகப்பவுடரைத் தூவியதுதான். எஞ்சினை ஓடவிட்டு அணைத்தோம். வெள்ளையில் ஈரம் படர்ந்த இடம் ஒன்றே ஒன்று: ஆக்சிலரேட்டர் கம்பி சேரும் சிறு தண்டின் அடி.

அதோடு அவர் விடவில்லை. டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பார்த்தார். எங்கள் வண்டியில் பம்பைச் சுழற்றுவது கியர். முன்பக்க ஆயில் சீல் போனால் டீசல் வெளியே சொட்டாது, எஞ்சின் ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் நீர்த்துப்போய் பேரிங்குகளைத் தின்றுவிடும். ஆயில் அளவு குறைந்தால் பதறுகிறோம், கூடினால் சந்தோஷப்படுகிறோம், அங்கேதான் வினை என்றார். எங்களுக்கு அளவும் கூடவில்லை, டீசல் வாடையும் இல்லை.

கழற்றும் முன் பம்புக்கும் எஞ்சினுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறினார். திரும்ப மாட்டும்போது டைமிங்குக்கு அதுதான் முதல் அடையாளம். துல்லியத்துக்கு டயல் கேஜ். குழாய் வாய்களை எல்லாம் மூடினார். பம்புக்குள் பிளஞ்சருக்கு இருக்கும் இடைவெளி மைக்ரான் கணக்கு, ஒரு மணல்துகள் போதும். தண்டைப் பிடித்து அசைத்துக் காட்டினார், ஆடியது. புஷ் தேய்ந்திருந்தது. அதை விட்டுவிட்டு ஓ-ரிங்கை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் மறுபடியும் ஒழுகும். புஷ்ஷும் மாற்றி, முழு சீல் கிட்டும் போட்டோம். 2020 ஏப்ரலில் நாடு முழுக்க பி.எஸ்.6 டீசல் வந்தது. கந்தக வரம்பு 50 பி.பி.எம்மில் இருந்து 10க்கு இறங்கியது. இப்படிச் சுத்திகரிக்கும்போது டீசலில் ரப்பரை ஊறவைத்து உப்பவைக்கும் சில பொருள்களும் குறையும். பழைய டீசலில் பல வருடம் ஊறிய ரப்பர் புதியதில் சுருங்குவது உண்டு. அதனால் விட்டான் ரகத்தில் கேட்டு வாங்குங்கள்.

பிறகு காலிபிரேஷன். டெஸ்ட் பெஞ்சில் பம்பை ஏற்றி, அளவு கோடிட்ட கண்ணாடிக் குழல்களில் நான்கு வழியிலும் எவ்வளவு விழுகிறது என்று வெவ்வேறு வேகத்தில் பார்ப்பார்கள். பக்கத்தில் நிற்கலாமா என்று கேட்டோம், ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். நான்கு குழலும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்தோம். படித்த அளவுகளைப் பில்லின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டோம். புதுப் பம்புக்குச் சொன்ன தொகையில் கால் பங்குகூட ஆகவில்லை.

மாட்டிய பிறகு காற்றை வெளியேற்ற நாசில் நட்டைத் தளர்த்துவார்கள். அப்போது யாரும் கையை அருகில் கொண்டுபோக வேண்டாம். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி இல்லை என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது, விரலே போகலாம்.

முகாமுக்கு வண்டி போய் வந்தது. டிப் ஸ்டிக் பார்க்கும் வேலை இந்த மாதம் கல்லூரித் தோழர்கள் இரண்டு பேரிடம். நோட்டுப் புத்தகம் டேஷ்போர்டில் இருக்கிறது, தேதி போட்டு எழுதுங்கள்.