ஒரு ஸ்பூனும் இரண்டு விராலும்

ஸ்பூனைத் தண்ணீரில் வீசி மீன் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? நான் நம்பவில்லை.

அமெரிக்காவில், மிச்சிகன் ஏரிக் கரையில் நின்று சால்மன் பிடிக்கிற நண்பன் ஒருவன், லீவில் வந்தபோது ராடும் ரீலும் நாலு ஸ்பூனும் கொடுத்துவிட்டுப் போனான். கைப்பிடி இல்லாத டீஸ்பூன் மாதிரி வளைந்த, பளபளக்கும் தகடு. வாலில் தூண்டில் முள். இழுக்க இழுக்க, அடிபட்ட குஞ்சுமீன் போலத் தள்ளாடும். 1852-லேயே ஜூலியோ பியூயல் என்ற அமெரிக்கர் இதற்கு பேடண்ட் வாங்கிவிட்டாராம்.

சரி, சால்மனுக்கு நான் எங்கே போவது? நம் மீன் கடைகளில் ‘இந்தியன் சால்மன்’ என்று விற்பது சாட்சாத் நம்ம காலா மீன். சால்மனுக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை.

ஆனால், கள்ளக்குறிச்சிப் பக்கம் ஏரிகளில் விரால் உண்டு. அங்கே என் மனைவியின் தாய்மாமாவும் உண்டு. தவளையைக் கோத்து விரால் பிடிப்பதில் கில்லாடி. குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கரையில் இறங்கினோம். மேற்கே கல்வராயன் மலை நீலமாகக் கிடந்தது.

வீசுவது லேசில்லை சார். நரம்பைப் பிடித்திருக்கும் விரலைச் சீக்கிரம் விட்டால் ஸ்பூன் ஆகாயத்துக்குப் போகிறது. தாமதித்தால் காலடியில் ‘சொத்’. நான் பி.காம். இரண்டு நாள் கணக்கு இது: செலவு, ரெண்டு ஸ்பூன். வரவு, ஒரு கொத்து வேலம்பாசி.

“விரால் மூச்சு வாங்க மேல வரும் மாப்ள. அந்த வட்டத்தைப் பாருங்க. அதைத் தாண்டிப் போட்டு மெதுவா கொண்டாங்க. ஓட்டமா ஓட்டாதீங்க” என்றார் மாமா.

மூன்றாம் நாள் காலை. மாமா டீ வாங்கப் போயிருந்தார். கரையோரம் தண்ணீர் செம்மண் நிறத்தில், தூறல் விழுவதுபோலப் பொரிந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டி வீசினேன். ஸ்பூன் அங்கே வந்ததும், ‘டமார்!’ நரம்பு விரலை அறுத்தது. கரைக்கு இழுத்துப் பார்த்தால், முழங்கை நீளத்துக்கு விரால்! அந்தச் சந்தோஷம் எனக்கு முதல் சம்பளத்தில்கூட வரவில்லை.

டீயோடு வந்த மாமா மீனைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தார்.

“குஞ்சு மேலயா போட்டீங்க?”

அந்தச் சிவப்பு, நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள். அப்பனும் ஆத்தாவும் கீழேயே நின்று காவல் காக்குமாம். “அது தின்ன வரல மாப்ள. வெரட்ட வந்திருக்கு. காவல் போச்சுன்னா கெளுத்தியும் ஜிலேபியும் சும்மா வுடுமா?”

வீட்டில் குழம்புக்குப் புளி ஊறப் போட்டாகிவிட்டது. ‘ஒரு மீன்தானே மாமா’ என்று வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. முள்ளைக் கழற்றினேன். உதட்டில் ரத்தம். தண்ணீருக்குள் பிடித்தேன், ஒரே உதறல், போய்விட்டது.

சிவப்பு அதற்குள் கலைந்து, திட்டுத் திட்டாக ஆகியிருந்தது. ஓரத்தில் ஏதோ ‘பளிச் பளிச்’ என்று பாய்ந்தது. என்ன பாய்கிறது என்று மாமா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டீ ஆறிப்போனது.

வெயில் ஏறிய பிறகு, திட்டுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் விரிந்தது.

“ஒண்ணு வந்துடுச்சு” என்றார்.

“நாம விட்டதா, இல்ல அதோட ஜோடியா மாமா?”

“தெரியல மாப்ள” என்றார். ராடை மடித்து என் கையில் கொடுத்தார்.