நாகம்மையின் கப்பல்

கதாபாத்திரம் ஏற்று ஆடும் மேசை ஆட்டங்களில் நான் ஆடிய பாத்திரங்களின் தாள்களையெல்லாம் ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன். பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதிய எண்கள். சில இடங்களில் தாளே தேய்ந்துவிட்டது. இவர்களில் ஒருவராக மாறி மிச்ச ஆயுளைக் கழிக்கலாம் என்றால் யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று போன வாரம் எங்கள் மேசையில் ஒரு தம்பி கேட்டான். மற்றவர்கள் சட்டென்று பதில் சொல்லிவிட்டார்கள். நான் மட்டும் கேள்வியை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

கோப்பின் மேலே இருப்பவன் ஒரு வீரன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் பிறந்தவன். வலிமை 18. மூன்று பகடையை உருட்டி மூன்றிலும் ஆறு விழ 216-இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. அது விழுந்த மாலையில் மேசையே எழுந்து நின்றது. ஆனாலும் அவனாக மாற எனக்கு மனமில்லை. இருட்டுக் குகைகளில் முதல் ஆளாக அவன் இறங்கியதற்குக் காரணம், இறங்கு என்று சொன்ன நான் மின்விசிறிக்குக் கீழே பத்திரமாக உட்கார்ந்திருந்ததுதான். அவனாகிவிட்டால் அவன் இத்தனை நாள் படாத பயம் முழுவதும் என்மேல் இறங்கும்.

அடுத்தவன் மந்திரவாதி. பழைய விதிகளின்படி, சொன்ன மந்திரம் சொன்னவுடன் நினைவிலிருந்து அழிந்துவிடும். மறுநாள் காலையில் ஏட்டைத் திறந்து திரும்பப் படிக்க வேண்டும். ஜாக் வான்ஸ் 1950-இல் வெளியிட்ட ‘தி டையிங் எர்த்’ கதைகளிலிருந்து, ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் இந்த ஏற்பாட்டை எடுத்துக்கொண்டார். விடிந்ததும் ஏட்டின்முன் உட்காரும் வாழ்க்கை எனக்குப் பிடித்தமானதுதான். ஆனால் நேற்றுக் கற்றதையே இன்றும் கற்பது, மறப்பதற்காகவே கற்பது என்றால் நெஞ்சு ஒப்பவில்லை.

மூன்றாமவள் கோயில் பணிசெய்யும் குணமாக்கி. என் பாத்திரங்களில் மிக நல்லவள். இறந்து பத்து நாட்களுக்குள் என்றால் அவளால் ஒருவரை எழுப்பிவிட முடியும். அதற்கு 500 பொற்காசு பெறுமான வைரம் வேண்டும். சடங்கில் அது அழிந்துபோகும். ஆட்டத்தில் இது வெறும் செலவுக் கணக்கு. ஆனால் அவளாகவே மாறிவிட்டால் நான் தினமும் விழிக்கப்போவது, பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வைரமில்லாமல் வாசலில் நிற்கும் தாய்மார்களின் முகத்தில். அந்த வாசலைக் கடந்து எப்படி வெளியே போவேன்?

கோப்பின் அடியில்தான் நாகம்மை இருக்கிறாள்.

அவள் பிறந்தது டிராவலர் என்ற ஆட்டத்தில். மார்க் மில்லர் எழுதி, கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப் என்ற அமெரிக்க நிறுவனம் 1977-இல் வெளியிட்டது. கறுப்பு அட்டை போட்ட மூன்று சிறு புத்தகங்கள், ஒரு பெட்டி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். அந்தப் பெட்டியின்மேல் வாளோ பூதமோ கிடையாது. விண்வெளியில் அடிபட்டுத் தத்தளிக்கும் ஒரு வணிகக் கப்பல் உதவி கேட்டு அனுப்பும் செய்தி மட்டும் அச்சிட்டிருக்கும். அதைப் படித்தவர்கள் ஆட்டத்தை ஆடாவிட்டாலும் அந்தக் குரலை மறக்கமாட்டார்கள்.

இந்த ஆட்டத்தில் பாத்திரம் பிறக்கும் விதமே வேறு. பதினெட்டு வயதில் தொடங்குகிறோம். இரண்டு பகடையால் ஆறு எண்கள்: வலிமை, சாமர்த்தியம், தாக்குப்பிடிக்கும் சக்தி, அறிவு, கல்வி, சமூக நிலை. பிறகு வேலைக்கு மனுப் போட வேண்டும். கடற்படை, மரீன், தரைப்படை, ஸ்கவுட், வணிகம், இவை எதிலும் சேராத ‘மற்றவை’. சேர்ந்தால் நான்காண்டுப் பணி. அந்த நான்காண்டு முடிவில் உயிரோடு இருக்கிறோமா என்று உருட்ட வேண்டும். பதவி கிடைத்ததா, உயர்வு கிடைத்ததா, என்ன தொழில் படிந்தது என்றும் உருட்ட வேண்டும். அப்புறம் இன்னொரு நான்காண்டு. வேலையை விட்டு வெளியே வந்தால்தான் ஆட்டமே ஆரம்பம்.

நாகம்மைக்கு முன் அதே மாலையில் நான் ஒரு பையனை உருவாக்கினேன். ஸ்கவுட் படையில் சேர்த்தேன். யாரும் போகாத நட்சத்திரங்களுக்குப் போய் வரைபடம் போடும் வேலை. அவர்கள் பிழைக்க ஏழோ அதற்கு மேலோ விழ வேண்டும். தாக்குப்பிடிக்கும் சக்தி மிகுந்தவர்களுக்கு அதில் சலுகை உண்டு. இவனுக்கு அது இல்லை. இரண்டு பகடை தரக்கூடிய 36 சேர்க்கைகளில் பதினைந்து அவனைக் கொன்றுவிடும். முதல் நான்காண்டு தப்பித்தான். கப்பல் ஓட்டக் கற்றுக்கொண்டான். அதற்குள் நான் அவனுக்கு ஒரு ஊர், ஒரு அக்கா, அக்கா அனுப்பும் கடிதங்கள் என்று எல்லாவற்றையும் மனதில் கட்டிவிட்டேன். இரண்டாவது நான்காண்டில் மூன்றும் ஒன்றுமாக விழுந்தது. நடுவராக இருந்தவர், பணி ஓய்வு பெற்ற பெரியவர், “தாளை எடுத்து வச்சிடும்மா. வேற ஒருத்தரைப் போடலாம்” என்றார். 26 வயதைக்கூட எட்டாமல், ஆட்டம் தொடங்குமுன்னே, ஒரு காட்சியிலும் பேசாமல் அவன் போய்விட்டான். விதியை விட்டுக்கொடுங்கள் என்று பெரியவரிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஆறு எண்களுக்கும் இரண்டு வரிக்கும் இவ்வளவு துக்கப்பட முடியும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்தத் தாளையும் கோப்பில்தான் வைத்திருக்கிறேன்.

அதே பகடையை எடுத்து அடுத்தவளை உருட்டினேன். வணிகத் துறை. நான்காண்டு, இன்னொரு நான்காண்டு. அதிகாரியானாள், படிப்படியாக மேலே போனாள். 34 வயதிலிருந்து உடம்பு கணக்குக் கேட்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு நான்காண்டு முடிவிலும் மூப்புக்கென்று தனியாக உருட்ட வேண்டும். வலிமை ஒன்று குறைந்தது. தாக்குப்பிடிக்கும் சக்தி ஒன்று குறைந்தது. அவள் மேலே போகப்போக எண்கள் கீழே வந்தன. 42 வயதில் கேப்டனாக வேலையை விட்டாள். ஆண்டுக்கு 6,000 கிரெடிட் ஓய்வூதியம். கடைசி உருட்டலில் ஒரு சிறிய வணிகக் கப்பல், கடனோடு.

நாகம்மை என்று பெயர் வைத்தது செட்டிநாட்டை நினைத்து. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டிக்கடைக்குப் போன நகரத்தார் ஏஜென்டுகள் பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கில்தான் போனார்கள். கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பி, கொஞ்ச நாள் இருந்து, மறுபடி கப்பல் ஏறுவார்கள். அந்த மூன்று மூன்று ஆண்டுகளையெல்லாம் பெரிய பெரிய வீடுகளில் இருந்தபடி கழித்தவர்கள் பெண்கள். தூண்களையும் சாவிக் கொத்தையும் பார்த்துக்கொண்டு, எப்போதோ வரும் கடிதத்துக்குக் காத்திருந்தவர்கள். அப்படி ஒருத்தி தானே கப்பலில் போனால் எப்படி இருந்திருக்கும் என்ற ஆசைதான் அந்தப் பெயர்.

டிராவலர் பெட்டியின்மேல் உதவி கேட்கும் கப்பலின் பெயர் பேவுல்ஃப். ஆங்கிலத்தின் மிகப் பழைய காவியத் தலைவனின் பெயர் அது. அந்தக் காவியத்தில் இளைஞனான பேவுல்ஃப் கடல் கடந்து போய் கிரெண்டல் என்ற அரக்கனைக் கொல்கிறான். கிரெண்டலின் தாயையும் கொல்கிறான். கடைசியில், கிழ அரசனாக, ஒரு டிராகனோடு போரிட்டுச் சாகிறான். இரண்டுக்கும் நடுவே ஐம்பது ஆண்டுகள். நல்லபடியாக ஆண்டான் என்று சொல்லிக் கவிஞர் ஓரிரு வரியில் அதைக் கடந்துவிடுகிறார். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நான் நின்றுவிடுவேன். ஐம்பது ஆண்டு! எத்தனை வழக்குத் தீர்த்திருப்பான், எத்தனை குளிர்காலத்துக்குத் தானியம் சேர்த்திருப்பான், எத்தனை பேரின் சாவுக்குப் போய் உட்கார்ந்திருப்பான். எனக்குத் தெரிய வேண்டியது அதுதான். அரக்கனைக் கொல்வது ஒரு இரவு வேலை. மற்ற நாட்களில் எப்படி இருந்தான்?

கதைகள் தாண்டிவிடும் அந்த நடுப்பகுதியில்தான் டிராவலர் தொடங்குகிறது. அந்த ஆட்டத்தை நான் நேசிப்பது இதற்காகத்தான். பழைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் கொண்டுவந்த ஒவ்வொரு பொற்காசும் ஒரு அனுபவப் புள்ளி. புள்ளி சேரச்சேர ஆள் பெரியவனாவான். டிராவலரின் முதல் நூல்களில் அனுபவப் புள்ளி என்பதே கிடையாது. யாரைக் கொன்றாலும் எதை அள்ளினாலும் நாகம்மை ஒரு துளிகூடத் தேறமாட்டாள். ஒன்றைக் கற்க வேண்டுமென்றால் வருடக்கணக்கில் உட்கார்ந்து கற்க வேண்டும். அதற்கும் முதலில் மன உறுதி இருக்கிறதா என்று உருட்டிப் பார்க்க வேண்டும். இதைவிட நேர்மையான விதியை நான் எந்த ஆட்டத்திலும் பார்த்ததில்லை. நாற்பதுக்கு மேல் வீணை கற்கப் போனவர்களுக்கும், வேறு ஊரில் புது மொழி பேசக் கற்றவர்களுக்கும் இது தெரியும்.

அவள் அன்றாடம் எப்படிப்பட்டது? கப்பல் ஒரு நட்சத்திரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவ ஏறக்குறைய ஒரு வாரமாகும். அந்த வாரம் முழுக்க வெளியே எதுவும் தெரியாது, எந்தச் செய்தியும் வராது. கப்பலைவிட வேகமாகப் போகும் தந்தியோ வானொலியோ அந்த உலகத்தில் இல்லை. ஒரு ஊரின் சேதி இன்னொரு ஊரைச் சேர வேண்டுமென்றால் யாராவது சுமந்துதான் போக வேண்டும். எனவே நாகம்மை தபாலும் சுமக்கிறாள். இறங்கும் இடமெல்லாம் ஒரு வாரம் பழசான சேதியோடு இறங்குகிறாள். அங்கே இருப்பவர்களுக்கு அது புத்தம் புதுசு.

காசில்லாத பயணிகள் உறைதூக்கத்தில் வருவார்கள். டிக்கெட் மலிவு, ஆனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. துறைமுகம் சேர்ந்து ஒவ்வொருவரையும் எழுப்பும்போது ஐந்தோ அதற்கு மேலோ விழ வேண்டும். தேர்ந்த மருத்துவர் பக்கத்தில் இருந்தால் ஒன்று கூட்டிக்கொள்ளலாம். ஒருமுறை நாலு விழுந்தது. எங்கள் கப்பலில் மருத்துவர் இருந்தார். ஒன்று கூட்டி ஐந்து. ஒரு கிழவர் கண் திறந்தார் என்று நடுவர் சொன்னபோது மேசையில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினோம். யாரும் யாரையும் வெட்டாத ஒரு மாலையின் வெற்றி அது. ஒரே ஒரு புள்ளி. யாரோ ஒருவர் எட்டு வருடமோ பத்து வருடமோ பொறுமையாகப் படித்ததால் கிடைத்த புள்ளி.

குணமாக்கியின் வாசலில் நிற்க முடியாது என்ற நான் இந்த உறைபெட்டிகளின் அருகே நிற்கச் சம்மதிப்பது ஏன் என்று யோசித்தேன். அங்கே வைரம் இருந்தால் உயிர், இல்லாவிட்டால் இல்லை. இங்கே என் கவனமும் நான் கற்றதும் ஒரு புள்ளி அளவுக்காவது உதவும். முழுதாகக் காப்பாற்றும் சக்தி எனக்கு வேண்டாம். ஒரு புள்ளி கூட்டும் இடத்தில் இருந்தால் போதும்.

நாகம்மையின் கப்பல் விலை 3 கோடியே 70 லட்சம் கிரெடிட்டுக்கு மேல். மாதத் தவணை விலையில் 240-இல் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை லட்சத்துக்கும் அதிகம். மொத்தம் 480 தவணை, நாற்பது ஆண்டு. கடைசித் தவணை கட்டும்போது அவளுக்கு 82 வயதாகியிருக்கும். அவளுடைய ஓய்வூதியம் ஒரு மாதத் தவணைக்கே ஒரு மூலைக்கும் காணாது. இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தத் தம்பி, “இதுக்குப் போய் யாராவது ஆசைப்படுவாங்களாக்கா?” என்றான்.

நான் ஆசைப்படுகிறேன். நாற்பத்திரண்டு வயதில் வலிமை குறைந்து, அறிவு மங்காமல், கையில் இருபத்து நான்கு ஆண்டுத் தொழிலோடு, நாற்பது ஆண்டு முன்னால் விரிந்து கிடக்க நிற்கிறாள் அவள். என் வயதுக்காரர்கள் பலரிடம், எல்லாம் முடிந்துவிட்டது போலப் பேசுகிறார்கள். நாகம்மையிடம் ஒரு வங்கி நாற்பது ஆண்டுக் கடனை நம்பிக் கொடுத்திருக்கிறது. அவளாக மாறினால் முதல் வேலையாக மருத்துவம் படிக்கத் தொடங்குவேன், அந்த ஒரு புள்ளிக்காக. அது கைவரும்போது எனக்கு ஐம்பது வயதாகும். மேலும் முப்பத்திரண்டு ஆண்டுத் தவணை பாக்கி இருக்கும்.