முப்பத்தைந்தரை

1980ஆம் ஆண்டு. மாலை வேளைகளில் தோட்டத்து மண்டபத்தில் மாணவர் சிலருக்குத் தமிழ் இலக்கணம் கற்பித்து வந்தேன். நான்காம் படிவ மாணவன் ஒருவன் ஒருநாள் இலக்கண ஏட்டை மூடிவைத்துவிட்டு, மலாய் மொழியிலிருந்த வேதியியல் நூலை என் முன் நீட்டினான். தனிம அட்டவணையில் குளோரினுக்கு நேரே 35.5 என்றிருந்தது.

"ஐயா, அணுவில் உள்ள புரோட்டானையும் நியூட்ரானையும் எண்ணினால் அதன் எடை கிடைக்கும் என்கிறார்கள். அப்படியானால் இந்த அரை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று கூறியிருக்கலாம். "நூலில் உள்ளதை அப்படியே எழுது; தேர்வுக்கு அது போதும்" என்றேன். அவன் நூலை மூடினான். அதன்பின் என்னிடம் அவன் எதையும் கேட்டதில்லை, இலக்கணத்தில்கூட.

சில ஆண்டுகள் கழித்து, மதிப்பெண் பட்டியல் எழுதும்போது அந்த அரை மீண்டும் என் முன் வந்து நின்றது. வகுப்பின் சராசரி அறுபத்திரண்டரை. அம்மதிப்பெண்ணைப் பெற்ற மாணவர் ஒருவரும் இலர்! மறுநாளே நூலகம் சென்றேன்.

குளோரின் அணு ஒவ்வொன்றிலும் புரோட்டான்கள் 17. நியூட்ரான்களோ சில அணுக்களில் 18, சிலவற்றில் 20. ஆகவே நிறை எண் 35, 37 என இரண்டாகிறது. இயற்கையில் நான்கு அணுக்களுக்கு ஏறத்தாழ மூன்று முதல் வகை. ஒன்று இரண்டாம் வகை. மூன்று முப்பத்தைந்தையும் ஒரு முப்பத்தேழையும் கூட்டினால் 142. நான்கால் வகுத்தால் 35.5. (நுட்பமாக அளந்தால் 35.45 ஆகும்.) அரைத் துகள் எந்த அணுவிலும் இல்லை.

அம்மாணவனின் கேள்வி சிறிய கேள்வியன்று. அணு எடைகள் யாவும் ஹைட்ரஜன் எடையின் முழு மடங்குகளே என்று 1815இல் இங்கிலாந்தின் வில்லியம் பிரவுட் கருதினார். அக்கருத்துக்குக் குறுக்கே நின்றது இதே குளோரின்தான். 1913இல் பிரெடரிக் சாடி, எடையால் வேறுபட்டும் அட்டவணையில் ஒரே இடத்தில் அமரும் அணுக்களுக்கு 'ஐசோடோப்' என்று பெயரிட்டார். அக்கிரேக்கச் சொல்லை அவருக்கு எடுத்துத் தந்தவர் மார்கரெட் டாட் என்னும் பெண் மருத்துவர். பின்னர் ஆஸ்டன், தாம் 1919இல் அமைத்த கருவியால் குளோரினின் இருவகை அணுக்களையும் பிரித்துக் காட்டினார்.

நாம் அதனை 'ஓரிடத்தான்' என்கிறோம். அச்சொல்லைப் பிரித்துப் புணர்ச்சி விதி கூறத் தெரிந்த எனக்கு, அந்த இடம் எது என்று கேட்கத் தோன்றவில்லை. இடத்தை முடிவு செய்வது எடையன்று, புரோட்டான்களின் எண்ணிக்கையே. அயோடினைவிட எடை மிகுந்த டெலுரியம் அட்டவணையில் அதற்கு முன்னே அமர்ந்திருப்பதும் இதனால்தான்.

அம்மாணவன் இன்று அறுபதைக் கடந்திருப்பான். எங்கிருக்கிறான் என அறியேன். அக்கேள்வியை வேறு யாரிடமாவது கேட்டிருப்பான் என்று நம்புகிறேன்.