விலையைக் கடைசியில் கேளுங்கள்

கடல் கடந்த மடல்: யிவு, சீனா



ஊரில் தீபாவளிக் கடைவீதி களைகட்டியிருக்கும். இங்கே தீபாவளி ஆடியிலேயே முடிந்துவிட்டது. கிறிஸ்துமஸ் சரக்கும் கப்பலேறிவிட்டது. கடைகளில் இப்போது அடுத்த கோடைக்கான கைவிசிறிகளும் தண்ணீர்த் துப்பாக்கிகளும் தொங்க ஆரம்பித்திருக்கின்றன. உலகத்துப் பண்டிகைகளெல்லாம் மூன்று நான்கு மாதம் முன்னதாகவே வந்து போகிற ஊர் இது.

கடை வைத்திருக்கும் வாசகர்கள் எனக்கு எழுதும்போது கேட்பது ஒரே கேள்வி: “அங்கே என்ன விலைக்குக் கிடைக்கும்?” பதில் சொல்வது எளிது. நீங்கள் சொல்கிற விலைக்குக் கிடைக்கும். சங்கடமே அதில்தான் இருக்கிறது. ஏற்றுமதி ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, நம் ஊர் வியாபாரிகளைக் கடை கடையாகக் கூட்டிப்போகிறவன் என்ற முறையில் அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

யிவு, ஷாங்காயிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தெற்கே, செஜியாங் மாகாணத்தில் இருக்கிறது. இங்குள்ள சர்வதேச வணிக நகரம் என்ற சந்தைக்குள் ஏறத்தாழ 75,000 கடைகள். கடைக்கு மூன்று நிமிடம், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று நடந்தாலும் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஒன்றேகால் வருடம் ஆகும். சிறிய அறைகள், சுவர் முழுக்க சாம்பிள்கள், ஒரு மேசை, ஒரு கால்குலேட்டர், ஒரு தேநீர்க் குடுவை. சரக்கு அங்கே இருக்காது, மாதிரி மட்டும்தான். காலுறை என்றால் பக்கத்திலுள்ள தாதாங்கிலிருந்து வரும், குடை சோங்ஷியாவிலிருந்து வரும், பொத்தானும் ஜிப்பும் வென்சோ பக்கத்துச் சியாவ்தோவிலிருந்து வரும். யிவு அதிகம் உற்பத்தி செய்து பெரிய ஊரானதில்லை. கொண்டுபோய்க் கொடுத்தே பெரிதானது.

அதற்கு ஒரு பழைய கதை உண்டு. இந்த மண்ணில் விளைச்சல் போதாது. அதனால் இவ்வூர் ஆண்கள் குளிர்காலத்தில் வெல்லக்கட்டியைக் காவடியில் சுமந்து, கிலுகிலுப்பை மேளத்தை ஆட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். வெல்லத்தைக் கொடுத்துவிட்டுக் கோழியிறகை வாங்கி வருவார்கள். நல்ல இறகு தூசு தட்டும் துடைப்பத்துக்கு, மிச்சம் வயலுக்கு உரம். பிற்பாடு தனியார் வியாபாரமே குற்றம் என்றிருந்த காலத்திலும் தெருவோரத்தில் ஒளிந்து ஒளிந்து விற்றார்கள். 1982இல் ஃபெங் ஐச்சியென் என்ற பெண் வியாபாரி, உள்ளூர்க் கட்சிச் செயலாளர் ஷியே காவ்ஹுவாவை மறித்து, “எங்களை ஏன் விரட்டுகிறீர்கள்?” என்று சண்டை பிடித்தார். ஷியே யோசித்தார். அந்த வருடம் செப்டம்பரிலேயே சந்தை திறக்க அனுமதி கொடுத்தார். தன் பதவியைப் பணயம் வைத்து எடுத்த முடிவு அது. 2019இல் அவர் இறந்தபோது இந்த ஊர் வியாபாரிகள் திரண்டு நின்று அழுதார்கள்.

கோழியிறகு வியாபாரிக்குப் பெரிய லாபம் தெரியாது. கொடுக்கிற இறகுக்கு ஏற்ற வெல்லத்தை உடைத்துக் கொடுக்க மட்டும் தெரியும். இன்று கடை வைத்திருக்கும் அவர்கள் பேரப்பிள்ளைகளும் அப்படியே. ஒரு பொருளில் இவர்களுக்கு நிற்பது பெரும்பாலும் காசுக் கணக்கு. ஆகவே நீங்கள் பேரம் பேசி ஒரு யுவானைக் குறைத்தால், அது அவர்கள் லாபத்திலிருந்து குறைந்ததாக நினைக்காதீர்கள். சரக்கிலிருந்து குறைந்திருக்கிறது.

சமீபத்தில் நெல்லைப் பக்கம் ஃபேன்சி ஸ்டோர் நடத்தும் அண்ணாச்சி ஒருவரைக் குடைக்கடைக்குக் கூட்டிப்போனேன். விரித்துப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், பிடித்துவிட்டது.

“தம்பி, ஒரு யுவான் குறைக்கச் சொல்லுங்க.”

கடைக்காரம்மா முகத்தைச் சுளித்தார். கால்குலேட்டரைத் தட்டினார், தொழிற்சாலைக்குப் போன் போட்டார், சரி என்றார். அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சிரித்தார். போனில் அந்தம்மா சொன்னது என் காதில் விழுந்ததால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“அண்ணாச்சி, ஃபைபர் கம்பிக்குப் பதிலா இரும்புக் கம்பி போடச் சொல்றாங்க. துணியும் ஒரு படி கீழே.”

“அப்ப லாபத்துல குறைக்கலையா?”

“கம்பியில குறைச்சிருக்காங்க.”

அவர் ஒரு கணம் யோசித்தார். “வேண்டாம் வேண்டாம். ஆனி, ஆடித் தென்காசிக் காத்துக்கு அது ரெண்டு நாள் நிக்காது. பழைய விலைக்கே எழுதச் சொல்லுங்க.”

அந்தம்மா ஏமாற்றவில்லை. கேட்ட விலைக்கு எந்தக் குடை வருமோ அந்தக் குடையைக் கொடுக்கச் சம்மதித்தார். சீனச் சரக்கு மட்டம் என்று ஊரில் சலித்துக்கொள்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அதே சந்தையிலிருந்து ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் குடை போகிறது. அங்கிருந்து வாங்க வருகிறவர்கள் முதலில் கம்பி எத்தனை, எதனால் ஆனது, துணி எந்த ரகம், எத்தனை தடவை விரித்து மூடினால் தாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். விலையைக் கடைசியில் கேட்கிறார்கள். நாம் விலையை முதலில் கேட்டு, மற்றதையெல்லாம் கடைக்காரர் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறோம்.

எழுதுவது என்றால் வக்கீல் வைத்து எழுதுவதல்ல. இங்கே கடைக்காரர் கார்பன் வைத்த ஆர்டர் சீட்டு ஒன்று எழுதித் தருவார். பொருளின் எண், ஒரு கார்ட்டனுக்கு எத்தனை பீஸ், எத்தனை கார்ட்டன், விலை, முன்பணம், கொடுக்கும் தேதி, அவ்வளவுதான். நீங்கள் வாங்குகிற சரக்குக்கு அந்தத் தாள்தான் சாசனம். அதில் எடை, கனம், நிறம், உறை, பெட்டி அட்டையின் தரம் எல்லாவற்றையும் சீன மொழியில் எழுதச் சொல்லுங்கள். சாம்பிளில் இரண்டை எடுத்துக் கையெழுத்திட்டு ஒன்றை ஏஜென்டிடம் கொடுங்கள், ஒன்றை உங்கள் பெட்டியில் வையுங்கள். சரக்கு வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அடுத்தது கன அளவு, அதாவது பொருள் கப்பலில் அடைக்கிற இடம். 60க்கு 40க்கு 40 சென்டிமீட்டர் பெட்டி 0.096 கன மீட்டர். கப்பல், துறைமுகம், லாரி எல்லாம் சேர்த்து ஒரு கன மீட்டருக்கு ₹10,000 ஆகிறது என்று வையுங்கள். பெட்டிக்கு ₹960. அதற்குள் 24 பிளாஸ்டிக் பூங்கொத்து இருந்தால் கொத்துக்கு ₹40 கூலி. அதே பெட்டியில் 2,400 தலைக்கிளிப் இருந்தால் கிளிப்புக்கு 40 காசு. பூங்கொத்து கடையில் மலிவாகத்தான் தெரியும். ஆனால் நீங்கள் கப்பல் கூலி கொடுத்துக் காற்றைக் கொண்டுபோகிறீர்கள்.

முழுக் கன்டெய்னர் எடுக்க முடியாதவர்கள் மற்றவர் சரக்கோடு சேர்த்து அனுப்புவார்கள். ‘எல்சிஎல்’ எனப்படும் அந்த வகைக் கூலி இங்கே அதிசயமாகக் குறைவாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். இங்கே விட்டதைச் சென்னையில் ஆவணக் கட்டணம், கிடங்குக் கட்டணம் என்று பிடித்துக்கொள்வார்கள். இறங்குமிடத்தில் என்னென்ன கட்டணம் என்று ஏற்றுவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

பிறகு சுங்கம். ஒரு பொருளுக்கு அடிப்படைச் சுங்கவரி 20 சதவீதம், ஐஜிஎஸ்டி (ஒருங்கிணைந்த சரக்கு-சேவை வரி) 18 சதவீதம் என்று வைப்போம். கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த மதிப்பு ₹100 என்றால், வரி ₹20, அந்த வரிமேல் பத்து சதவீத சமூகநலக் கூடுதல் வரி ₹2, ஆக ₹122. அதன்மேல் ஐஜிஎஸ்டி ₹21.96. மொத்தம் ₹143.96. இதில் ஐஜிஎஸ்டியைப் பிறகு விற்கும்போது கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம்; ஆனால் துறைமுகத்தில் முதலில் கையிலிருந்து கட்டியாக வேண்டும். சிறு வியாபாரிகளில் பலர் முட்டிக்கொண்டு நிற்பது இந்த இடத்தில்தான். சரக்கு வந்துவிடும், வரி கட்டப் பணம் இருக்காது, நாளாக நாளாகத் தாமதக் கட்டணம் (டெமரேஜ்) ஏறும்.

சட்டத்தைப் பார்க்காமல் விமானம் ஏறுகிறவர்களைத்தான் எனக்குச் சமாதானப்படுத்தவே முடிவதில்லை. சந்தையின் முதல் வட்டாரத்தில் கீழ்த்தளத்தில் நுழைந்ததுமே பொம்மைகள்தான். எல்லாருக்கும் கை அங்கேதான் நீளும். ஆனால் 2021 ஜனவரி முதல் இந்தியாவில் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். செய்கிற தொழிற்சாலைக்கே அந்த முத்திரையைத் தரும் பிஐஎஸ் அமைப்பின் உரிமம் இருக்க வேண்டும். சுங்கவரியும் 2020இல் 20லிருந்து 60 சதவீதமாகி, 2023இல் 70 ஆனது. குடைக்கு 2022 பட்ஜெட்டில் 20 சதவீதமாக்கினார்கள். கவரிங் நகைக்கு அதே பட்ஜெட்டில் கிலோவுக்குக் குறைந்தது ₹400 வரி என்று வைத்தார்கள். ஹுனான் மாகாணத்து ஷாவ்தோங்கில் மலைமலையாகச் செய்கிற மலிவு லைட்டர்களில் ₹20க்குக் குறைந்த மதிப்புள்ளவற்றை 2023 ஜூனில் தடை செய்தார்கள். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசித் தீப்பெட்டிக்காரர்கள் வருடக்கணக்காகக் கேட்டது அது. ஆகவே பொருளைத் தேர்ந்ததும் அதன் சுங்க வகைப்பாட்டு எண்ணை (எச்எஸ் எண்) கேட்டு, ஊரிலுள்ள கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜென்டுக்கு அனுப்புங்கள். இன்றைய வரி என்ன, என்ன சான்றிதழ் வேண்டும் என்று அவர் சொன்ன பிறகு முன்பணம் கொடுங்கள். சில்லறை உறையில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரித்த நாடு, மாதம், வருடம், எம்ஆர்பி எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். அந்த ஸ்டிக்கரை இங்கே கிடங்கிலேயே ஒட்டச் சொன்னால் செலவு குறைவு.

இதையெல்லாம் கேட்டுக் களைத்தவர்களிடம் இனிப்பாக ஒருவர் வருவார்: “கிலோவுக்கு இவ்வளவு, உங்கள் கடை வாசலில் இறக்கிவிடுகிறேன், பேப்பர் எதுவும் வேண்டாம்.” பேப்பர் இல்லையென்றால் உங்கள் பெயரில் பில் இல்லை, வரிக்கழிவும் இல்லை, நடுவழியில் பிடிபட்டால் சரக்கு என்னுடையது என்று கேட்க வாயும் இல்லை. வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தில் (டிஜிஎஃப்டி) ₹500 கட்டி இறக்குமதிக் குறியீட்டு எண் வாங்குவதற்குச் சோம்பல்பட்டு இந்த வழியில் போகாதீர்கள்.

பணம் கொடுப்பதில் இங்கே வழக்கம், ஆர்டரின்போது 30 சதவீதம், ஏற்றுவதற்கு முன் 70. அந்த 70 உங்கள் கையில் இருக்கும் வரைதான் உங்கள் பேச்சு எடுபடும். சரக்கு கிடங்குக்கு வந்ததும் பெட்டிகளை நீங்களோ உங்கள் ஆளோ பிரித்துப் பார்த்த பிறகே அந்தப் பணத்தை விடுங்கள். அந்தச் சமயம் பார்த்து, “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று கடைக்காரர் பெயரில் மின்னஞ்சல் வரும். வந்தால் வீடியோ அழைப்பில் முகத்தைப் பார்த்துக் கேட்காமல் ஒரு பைசா அனுப்பாதீர்கள். திருடர்கள் இருவரின் அஞ்சலையும் பல நாள் படித்துவிட்டுத்தான் அந்தக் கடிதத்தை எழுதுகிறார்கள்.

“கடனுக்கு வாங்கித் தருகிறேன்” என்கிற ஏஜென்டிடமும் எச்சரிக்கை தேவை. 2011 டிசம்பரில் வெளிநாட்டு முதலாளி ஒருவர் கடைக்காரர்களுக்குப் பெரிய பாக்கி வைத்துவிட்டுத் தலைமறைவானார். அவரிடம் வேலை பார்த்த இரண்டு இந்தியர்களை உள்ளூர் வியாபாரிகள் பிடித்து அடைத்து வைத்தார்கள். அவர்களுக்காக யிவு நீதிமன்றத்துக்கு வந்த இந்தியத் தூதரக அதிகாரி அங்கேயே மயங்கி விழுந்தார். யிவுவில் வியாபாரம் வேண்டாம் என்று தூதரகமே இந்தியர்களை எச்சரித்தது. அப்புறம் எல்லாம் சரியாகி, இன்று இங்கே இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் நிறைந்திருக்கின்றன. ஆனால் சீட்டில் கையெழுத்துப் போட்டவன்தான் கடன்காரன் என்ற பாடத்தை இந்த ஊர் மறக்கவில்லை.

ஏஜென்ட் கமிஷன் பொதுவாக நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து. என் தொழிலை நானே கெடுத்துக்கொண்டு ஒன்று சொல்கிறேன். ஒரு சதவீதத்துக்குச் செய்கிறேன், இலவசமாகவே செய்கிறேன் என்கிறவர் தருமத்துக்கு உழைக்கவில்லை. கடைக்காரரிடம் அந்தப் பக்கம் வாங்கிக்கொள்கிறார். அதையும் உங்கள் விலையில் ஏற்றிவிடுகிறார். இங்கேயும் அதே கணக்குத்தான். குறைத்துக் கேட்டது வேறெங்கோ குறையும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, யார் வரலாம் என்று கேட்பீர்கள். ஒரே பொருளை வருடம் முழுக்க விற்பவர், அதன் எடையும் கன அளவும் விரல் நுனியில் தெரிந்தவர், வரிப்பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருப்பவர், போட்ட முதல் நான்கு மாதம் முடங்கினாலும் கடை ஓடும் என்பவர் தாராளமாக வரட்டும். சீனப் புத்தாண்டுக்கு முன்பின் மட்டும் வேண்டாம். அப்போது சந்தை இரண்டு வாரம், தொழிற்சாலைகள் ஏறத்தாழ ஒரு மாதம் மூடியிருக்கும்.

நான்கு கார்ட்டன் வளையல், ஆறு கார்ட்டன் டப்பா என்று கலந்து வாங்கிப் பார்க்கலாம் என்பவர் சென்னைத் தேவராஜ முதலி தெருவிலேயே வாங்குங்கள். அங்குள்ள மொத்த வியாபாரி யிவு விலைக்கு மேல் வைக்கிற லாபம் அநியாயமாகத் தெரியும். கப்பல் கூலி, சுங்கவரி, உடைந்த பெட்டி, விற்காத நிறம், முடங்கிய முதல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகைக்குமேல் அவர் எடுப்பது என்ன என்று உங்களால் ரூபாய்க் கணக்கில் சொல்ல முடிந்தால், அதுவும் உங்கள் விமான டிக்கெட்டைவிட அதிகமாக இருந்தால், எனக்கு எழுதுங்கள். ரயிலடிக்கு வந்து கூட்டிப்போகிறேன்.

அன்புடன்,
யிவுவிலிருந்து உங்கள் நண்பன்