நோய்க்கும் ஓர் ஊருண்டு

மண்ணுக்கேற்பப் பயிர் விளைவது போலவே, காட்டுக்கும் தட்பவெப்பத்துக்கும் அங்கு உலவும் சிற்றுயிர்களுக்கும் ஏற்ப நோய்களும் அமைகின்றன. பிறந்த ஊரிலேயே வாழ்ந்து முடிப்பவருக்கு இதனை எண்ணிப் பார்க்கும் தேவை மிகுதியாக எழுவதில்லை. அவருடைய மருத்துவருக்கும் அவருடைய நோய்க்கும் ஊர் ஒன்றே. நம்மைப் போலப் பெயர்ந்து வாழும் குடும்பங்களின் நிலை வேறு. நம் பிள்ளைகள் ஆண்டின் பெரும்பகுதியை ஒரு நாட்டிலும், விடுமுறை நாட்களை மற்றொரு நாட்டிலும் கழித்து வளர்கிறார்கள். ஓரிடத்தில் பற்றிய நோய் மற்றோரிடத்தில் தலைகாட்டினால் அதனை அடையாளம் காண்பது எவ்வாறு? கண்ட பின்னும் அது எளிதில் விலகாவிடில் பெற்றோர் செய்யத்தக்கது யாது? எங்கள் மகளின் முழங்கால் எங்களுக்குக் கற்பித்த பாடம் மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தாலேயே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

மைசூருக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், இன்றைய மாண்டியா மாவட்டத்தில் இருக்கிறது மேல்கோட்டை. திருநாராயணபுரம் என்று வைணவர் போற்றும் இவ்வூர், இராமாநுசர் சோழநாட்டை நீங்கி வந்து பல்லாண்டுகள் தங்கிய இடம். தமிழ்நாட்டிலிருந்து வந்து நிலைத்த குடும்பங்களின் வழியினர் இன்றும் அங்கு வீட்டில் தமிழ் பேசுகின்றனர். கன்னடம் கலந்து இனிக்கும் தமிழ் அது. என் கணவரின் பெற்றோர் அவ்வூரினர். நாங்கள் வாழ்வது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில். ஆகவே, ஊர் பெயர்தல் எங்கள் குடும்பத்துக்குப் புதிதன்று.

2022ஆம் ஆண்டு மார்கழியில் மேல்கோட்டைக்குச் சென்றிருந்தோம். மகளுக்கு அப்போது வயது பத்து. விடியுமுன் பாட்டியுடன் கோயிலுக்குச் செல்வதும், மாலையில் யோக நரசிம்மர் மலைப்படிகளில் ஏறி இறங்குவதுமாக முதல் வாரம் மகிழ்ச்சியாகக் கழிந்தது. ஒரு நாள் காலை அவளுடைய வலது முழங்கால் நீர் கோத்து வீங்கியிருந்தது. வீக்கத்தின் அளவுக்கு வலியில்லை, காய்ச்சலும் இல்லை. படியேறியதனால் வந்த சுளுக்கு என்று எண்ணிப் பாட்டி பற்றுப் போட்டார். நான்கு நாட்களாகியும் வீக்கம் வற்றவில்லை. மைசூருக்கு அழைத்துச் சென்றோம்.

அங்கே தொடங்கியது சோதனைகளின் வரிசை. தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து மூட்டையும் இதயத்தையும் தாக்கும் முடக்குக் காய்ச்சலா என்று ஒரு சோதனை. காசநோய் மூட்டில் இறங்கியதா என்று ஒன்று. சிக்குன்குனியாவா என்று ஒன்று. சிறுவர்க்கு வரும் முடக்குவாதமா என்று மேலும் சில. இவையெல்லாம் அம்மண்ணில் ஒரு மருத்துவர் முறையாகக் கொள்ள வேண்டிய ஐயங்களே. ஒவ்வொரு தாளும் ‘இல்லை’ என்றே திரும்பி வந்தது. அத்தாள்களை மாமனார் ஒரு மஞ்சள் பையில் வரிசைப்படுத்தி வைத்தார். ‘இல்லை’ என்னும் விடை நல்ல செய்தியாயினும், பத்து ‘இல்லை’கள் சேர்ந்தால் அவை ஓர் அச்சமாகிவிடுகின்றன என்பதை அந்நாட்களில் உணர்ந்தேன்.

இறுதியில் நாங்கள் கண்ட மருத்துவர் முதுமையானவர். தாள்களை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வினாவைக் கேட்டார்: “இந்தக் குழந்தை வருடம் முழுவதும் எங்கே இருக்கிறாள்?” அமெரிக்கா என்றேன். “அமெரிக்கா பெரிய நாடாயிற்றே, அம்மா. அதில் எந்த ஊர்?” கனெக்டிகட் என்றதும் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வீட்டுக்குப் பின்னால் காடு உண்டா, மான்கள் வருமா, கோடையில் பிள்ளை புல்லில் விளையாடினாளா என்று அடுத்தடுத்துக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்பதே விடை. “இது லைம் நோயாக இருக்கலாம். இங்கே எவரும் நினைக்கமாட்டார்கள், உங்கள் ஊரில் முதலில் நினைப்பது இதைத்தான்” என்றார்.

அந்நோயின் வரலாறு பெற்றோர் யாவரும் அறியத்தக்கது. கனெக்டிகட்டில் லைம் என்னும் சிற்றூரில் பாலி மரே என்ற தாய் வாழ்ந்தார். அவருக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் மூட்டு வீக்கமும் தடிப்பும் களைப்பும் ஆண்டுக்கணக்கில் மாறி மாறி வந்தன. மருத்துவர் பலர் அவர் சொல்லைப் பொருட்படுத்தவில்லை. அவரோ நாள்தோறும் கண்டவற்றை எழுதி வைத்தார். அண்டை வீடுகளிலும் அவ்வாறே பிள்ளைகள் துன்புறுவதைக் கண்டு குறித்துக்கொண்டார். 1975இல் அவரும், அருகிலிருந்த ஓல்டு லைமில் வாழ்ந்த ஜூடித் மென்ச் என்ற மற்றொரு தாயும் அரசின் நலத்துறைக்குத் தெரிவித்தனர். யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆலன் ஸ்டியர் ஆராய்ந்தபோது, அப்பகுதியின் மூன்று ஊர்களில் 39 சிறுவரும் 12 பெரியவரும் இவ்வகை மூட்டு வீக்கத்தால் துன்புற்றது தெரிந்தது. 1977இல் அவ்வாய்வு வெளியாயிற்று. வில்லி பர்க்டார்ஃபர் என்ற அறிஞர் உண்ணியின் வயிற்றில் சுருள் வடிவக் கிருமியைக் கண்ட செய்தி 1982இல் வெளிவந்தது. நோய்க்கு ஊரின் பெயர் நிலைத்தது. கிருமி அவ்வறிஞரின் பெயரைப் பெற்றது. ஆயினும், முதல் ஏடு ஒரு தாயின் குறிப்பேடு என்பதை நாம் மறத்தலாகாது.

உண்ணி என்பது தமிழிலும் கன்னடத்திலும் பொதுவான சொல். கன்னட நாட்டுக்கு உண்ணியின் கொடுமை புதிதன்று. 1957இல் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்து விழ, மக்களும் காய்ச்சலில் வீழ்ந்தனர். உண்ணி வழியே பரவும் அந்நோயைக் கன்னடத்தார் ‘மங்கன காயிலெ’, அதாவது குரங்கு நோய் என்பர். அது வேறு கிருமி, வேறு நோய். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதுவதோ, இவ்விரண்டுமல்லாத இன்னொன்று. அது மிகச்சிறு பூச்சியின் கடியால் வருவது. பெயர் ஒத்திருப்பதால் நோயும் ஒன்றென்று கொள்ளலாகாது. லைம் நோய் நம் நாட்டில் அரிதாகவே பேசப்படினும், பந்திப்பூர், நாகரஹொளே காட்டுப் பகுதி மக்களின் குருதியில் அதன் சுவடுகள் காணப்பட்டதாக 2020இல் ஓர் ஆய்வு வெளியானது.

கனெக்டிகட்டின் உண்ணி, இளம்பருவத்தில் கசகசா விதையளவே இருக்கும். கடித்தது பெரும்பாலோர்க்குத் தெரிவதில்லை. கடித்த இடத்தில் நாளடைவில் பரவும் சிவந்த தடிப்பு பலருக்கு வரும், எல்லோருக்கும் வருவதில்லை. மேலும், நூல்களில் காட்டப்படும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. நம் பிள்ளைகளின் மாநிறத் தோலில் அத்தடிப்பு கன்றிய காயம் போலவோ கருமை படர்ந்தது போலவோ தோன்றலாம். நம்மவர் இதனைக் குறிப்பாக நினைவிற்கொள்ளுதல் நலம்.

குருதி பெங்களூருக்கு அனுப்பப்பட்டது. விடைக்குக் காத்திருந்த நாட்களில் மருத்துவர் எங்களுக்கு விளக்கிய சில செய்திகள் பொன்போன்றவை. இச்சோதனை கிருமியைத் தேடுவதன்று. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுவது. கடித்த முதற்சில வாரங்களில் அப்பொருள் உருவாகியிராது. அப்போது ‘இல்லை’ என்று வரும் விடையை நம்ப இயலாது. எனவே தடிப்பைக் கண்டாலே சோதனைக்குக் காத்திராமல் மருந்து தருவர். மூட்டு வீங்கும் அளவுக்கு மாதங்கள் கடந்துவிட்டாலோ எதிர்ப்பொருள் தெளிவாகவே தெரியும். எலைசா என்ற முதற்சோதனையில் ‘உண்டு’ என வந்தால், வெஸ்டர்ன் பிளாட் போன்ற இரண்டாம் சோதனையால் அதனை உறுதிசெய்வர். நோய் தீர்ந்த பின்னரும் எதிர்ப்பொருள் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும். ஆகவே மீண்டும் மீண்டும் சோதித்து, நோய் போயிற்றா என்று அறிய முயல்வது வீண். இரு சோதனைகளும் ‘உண்டு’ என்றன. அச்சொல்லைக் கேட்டு நாங்கள் அழவில்லை. பெயரில்லாத பகைக்குப் பெயர் கிடைத்துவிட்டது என்று ஆறுதலே கொண்டோம்.

மருந்து அரியதன்று. எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் டாக்சிசைக்ளின், 28 நாட்கள். கணவர் பணிக்குத் திரும்ப, நானும் மகளும் மேல்கோட்டையிலேயே தங்கினோம். பாலும் தயிரும் இம்மருந்தோடு சேர்ந்தால் மருந்தின் ஆற்றல் குறையும் என்பதால், தயிர்ச்சோறின்றி உணவு முடியாத அவ்வீட்டில் பாட்டி உணவு நேரத்தையே மாற்றியமைத்தார். வெயில் பட்டால் தோல் எரியும் என்பதால் கல்யாணித் திருக்குளத்துக்குப் போவது மாலைப்பொழுதாயிற்று. விழுங்கியவுடன் படுக்கக்கூடாது என்பதால் ஒவ்வோர் இரவும் தாத்தாவின் கதை அரைமணி நீண்டது. முழங்கால் மெல்ல வற்றியது.

கனெக்டிகட் திரும்பிய பின்னரே உண்மையான சோதனை தொடங்கியது. மார்ச்சு மாதத்துக்குள் வீக்கம் முற்றும் நீங்கியது, பிள்ளையோ எழவில்லை. பள்ளியிலிருந்து வந்து காலணியுடன் உறங்கிவிடுவாள். கை, கால், கழுத்து என்று வலி இடம் மாறும். பரதநாட்டிய வகுப்பு நின்றது. “எல்லாம் சரியாகிவிட்டதே, மனத்தளர்ச்சியாக இருக்கும்” என்றார் சிலர். வேறு சிலரோ, இது ‘நாட்பட்ட லைம்’, கிருமி உள்ளே ஒளிந்திருக்கிறது என்று அச்சுறுத்தினர். ஒரு தனியார் மருத்துவமனை, நெஞ்சருகே குழாய் பொருத்தி மாதக்கணக்கில் நரம்பு வழியே மருந்து செலுத்த வேண்டும் என்றது. அதற்கான தொகை எங்கள் ஓராண்டுச் சேமிப்பை விழுங்கக்கூடியது.

எங்கள் இல்லத்தில் கருத்து வேறுபாடு எழுந்தது. “செலவைப் பார்க்கும் நேரமா இது? இன்னும் மருந்து கொடுத்தால் என்ன?” என்றார் கணவர். மருந்து போதவில்லையா, உடல் தேறக் காலம் போதவில்லையா என்பதே என் ஐயம். தொலைபேசியில் இதைக் கேட்ட பாட்டி சொன்னார்: “அவளுக்கு வலிக்கிறதுன்னா வலிக்கிறதுதான். அதுக்குக் காகிதம் எதுக்கு?” அச்சொல் எனக்குத் தெளிவைத் தந்தது. வலி உண்மை, அதற்குச் சோதனைத்தாளின் சான்று வேண்டியதில்லை. ஆனால் வலி உண்மை என்பதாலேயே கிருமி இன்னும் உயிரோடிருக்கிறது என்று ஆகிவிடாது. போர் முடிந்த பின்னும் ஊர் சீராக நாளாகும் அல்லவா?

மருத்துவ உலகும் இதனை ஆராய்ந்திருக்கிறது. மருத்துவம் முடிந்த பின்னும் சிலருக்குக் களைப்பும் வலியும் மாதக்கணக்கில் நீடிப்பதை அது மறுக்கவில்லை. அதற்கான காரணம் இன்னும் முழுமையாகத் துலங்கவில்லை. எனினும், 2001இல் அமெரிக்காவிலும் 2016இல் நெதர்லாந்திலும் வெளியான ஆய்வுகளில், இத்தகைய துன்பமுற்ற பெரியவர்களுக்கு நெடுநாள் கிருமிக்கொல்லி மருந்து நிலையான பயன் தரவில்லை. அத்தகைய நெடுநாள் மருத்துவத்தால் கடுந்தொற்று ஏற்பட்டுச் சிலர் உயிரிழந்ததையும் 2017இல் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் அறிவித்தது.

இவற்றை விட எங்களை முடிவுக்குக் கொணர்ந்தது ஒரு சிறு குறிப்பேடு. மகள் எழுந்த நேரம், நடந்த தூரம், வலித்த இடம், பள்ளிக்குச் செல்லாத நாள் ஆகியவற்றை நான் நாள்தோறும் எழுதி வந்தேன். நேற்றைக்கும் இன்றைக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் ஏப்ரலையும் ஜூனையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, பள்ளி செல்லாத நாட்கள் ஏழிலிருந்து இரண்டாகக் குறைந்திருந்தன. கணவர் அப்பக்கங்களை நெடுநேரம் பார்த்தார். பின்னர், “காத்திருப்போம்” என்றார். குழாய் பொருத்தவில்லை. மருத்துவர் மேற்பார்வையில் அளவான நடையும், உடற்பயிற்சியும், ஒழுங்கான உறக்கமும், பள்ளியின் ஒத்துழைப்பும் கொண்டு அவ்வாண்டைக் கடந்தோம். அடுத்த கோடையில் அவள் மீண்டும் சலங்கை கட்டினாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே ஆகும் என்று நான் உறுதி கூற இயலாது. எங்கள் பிள்ளைக்கு ஆயிற்று.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில், மருத்துவம் என்பது நான்கு கூறுகளை உடையது என்கிறார் வள்ளுவர். நோயுற்றவரும், மருத்துவரும், மருந்தும் மட்டுமல்லர். அருகிருந்து துணைபுரிபவரும் அதில் ஒரு கூறு. அந்நான்காம் இடமே பெற்றோரின் இடம். மருத்துவராக முயல்வது நம் பணியன்று. கண்டதைக் கண்டவாறு எழுதி வைப்பதும், பிள்ளை வாழ்ந்த ஊர்களையெல்லாம் கேட்குமுன்பே மருத்துவருக்குச் சொல்வதும், அவள் வலியை நம்புவதும், அச்சத்தை விற்பவரிடம் அவளை ஒப்படையாதிருப்பதும் நம் பணி. இரண்டு ஊர்களை நம் பிள்ளைகளுக்குத் தந்திருக்கிறோம். இரண்டு ஊர்களின் மண்ணையும் காற்றையும், அவற்றில் உலவும் உண்ணியையும் அறிந்து வைத்திருத்தல், அக்கொடையோடு நாம் ஏற்றுக்கொண்ட கடமையாகும்.