பிடிப்பதற்கும் வேட்டை என்றுதான் பெயர்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு ஒரு வரையறை இருக்கிறது. கொல்வது மட்டும் வேட்டை இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, இரை காட்டி இழுப்பது, இதற்கெல்லாம் முயற்சி செய்வது, பறவையின் கூட்டைக் கலைப்பது எல்லாமே வேட்டைதான். வரையறைகளோடு மல்லுக்கட்டுவதே எனக்கு வேலை என்பதால், இவ்வளவு இறுக்கமாக எழுதப்பட்ட ஒன்றைப் பார்த்தால் மரியாதை வந்துவிடும். ஒரு வல்லூறைக் காயமே இல்லாமல் பிடித்து, வேளாவேளைக்குக் கறி போட்டு, கையில் வைத்துக் கொஞ்சினாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் வேட்டைக்காரர்தான்.

இதைத் திருமழிசையில் எங்கள் தெருவில் புறா வளர்க்கும் அண்ணனிடம் சொன்னேன். மொட்டைமாடியில் கூண்டு கட்டி, கர்ணம் அடிக்கிற புறா, பந்தயப் புறா என்று நாற்பது வைத்திருக்கிறார்.

"நீ சொல்ற சட்டம் பைரிக்குத்தான? எம் புறாவுக்கு யாரு சட்டம் போட்டா?" என்றார்.

புறாக்காரர்களின் அகராதியில் பைரி என்பது கிட்டத்தட்ட வசவு. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகமெடுத்து மேலிருந்து பாயும் பெரெக்ரின்தான் அசல் பைரி. ஆனால் புறாவை அடிக்கிற எதையும் அவர் அப்படித்தான் சொல்வார். வடக்கே பருந்து பழக்குகிறவர்கள் பெரெக்ரினை 'பஹ்ரி' என்பார்கள். அவர்களுடைய செல்லப்பெயர் இவருக்குத் திட்டு.

அண்ணன் விடவில்லை. "துபாய்ல கையில வெச்சிக்கினு சுத்துறான். அதுக்கு பாஸ்போர்ட்டே இருக்காம். இங்கயும் லைசன்ஸ் குடுத்துட்டுப் போ வேண்டியதுதான? காசாவது வரும்."

பாஸ்போர்ட் உண்மை. 2002 முதல் ஐக்கிய அரபு அமீரகம் வல்லூறுகளுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கிறது. காலில் மாட்டிய வளையத்தின் எண்ணும் பாஸ்போர்ட்டில் உள்ள எண்ணும் பொருந்த வேண்டும். வேட்டைப் பறவை பழக்கும் கலை 2010இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது. இன்று அதில் 24 நாடுகள். பாகிஸ்தான் இருக்கிறது, இந்தியா இல்லை. இத்தனைக்கும் 12ஆம் நூற்றாண்டுச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரனின் 'மானசோல்லாச'த்திலேயே இந்த விளையாட்டு வருகிறது. குமாவுன் அரசர் ருத்ரதேவர் எழுதிய 'சியைனிக சாஸ்திரம்' முழுக்கவே இதைப் பற்றிய நூல். நம் ஊர்த் தென்னையில் உட்காரும் சின்ன வல்லூறான சிக்ராவை, சீக்கிரம் பழகிவிடும் என்பதால் சாமானியர்களும் வைத்திருந்தார்கள். காடை தென்பட்டதும் அதை உள்ளங்கையில் பொத்திப் பிடித்து ஈட்டி மாதிரி எறிவார்களாம். அதைப் படித்த அன்று என் கையும் ஒருமுறை குறுகுறுத்தது. அந்த ஆசை புரியாதவர்களுக்கு இந்தத் தடையின் கனமும் புரியாது என்று நினைக்கிறேன்.

அண்ணனின் கேள்வியை நையாண்டி செய்து கடந்துவிட முடியாது. அனுமதித்து ஒழுங்குபடுத்தலாம் என்பவர்களிடம் இரண்டு வலுவான வாதங்கள் உண்டு.

ஒன்று, கணக்கு. வேட்டைப் பறவைகளின் குஞ்சுகளில் பெரும்பகுதி முதல் வருடத்தைத் தாண்டுவதில்லை. பட்டினி, விபத்து, அனுபவமின்மை. எனவே முதல் வருடப் பறவைகளில் சிலவற்றை மட்டும் எடுத்து, முட்டையிடும் வயதிலுள்ளவற்றைத் தொடாமல் விட்டால், மொத்த எண்ணிக்கை பெரிதாகக் குறையாது.

இரண்டு, வரலாறு. டிடிடி பூச்சிமருந்தால் முட்டை ஓடு மெலிந்து, 1960களின் நடுவில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கூடு கட்டும் பெரெக்ரினே இல்லாமல் போனது. 1970இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாம் கேட் தொடங்கிய பெரெக்ரின் ஃபண்ட், அவற்றைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்து காட்டில் விட்டது. கேட் தானே பருந்து பழக்குபவர். அவரைப் போன்றவர்களின் கைவசம் இருந்த பறவைகளும் அனுபவமும்தான் அதற்கு முதலீடு. 1999இல் பெரெக்ரின் அந்நாட்டின் அருகிவரும் உயிரினப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. பிறகுதான், எண்ணி எண்ணி, காட்டிலிருந்து பிடிக்கவும் அனுமதி வந்தது.

இவ்வளவு இருந்தும் நான் தடையின் பக்கம்தான் நிற்கிறேன். காரணம் அந்த 'எண்ணி எண்ணி'. எத்தனை ஜோடி கூடு கட்டுகிறது, எத்தனை குஞ்சு பறக்கிறது என்று வருடாவருடம் பார்க்க ஆள் வேண்டும். மங்கோலியாவில் சேக்கர் வல்லூறுகளுக்காக அபுதாபியின் பணத்தில் 5,000 செயற்கைக் கூடுகள் வைத்தார்கள். ஒழுங்குபடுத்துவது என்றால் குறைந்தபட்சம் இந்த அளவு வேலை. ஒதுக்கீட்டு எண்ணைத் தாளில் எழுதுவது ஒரு நிமிட வேலை. அந்த எண்ணுக்குப் பின்னால் தரவு இல்லையென்றால் அது வெறும் விலைப்பட்டியல்.

அந்தச் சந்தை எப்படி வேலை செய்யும் என்பதைப் பக்கத்து நாட்டில் பார்க்கலாம். பாகிஸ்தானில் விலை போவது சேக்கரும் பெரெக்ரினும். துணைக்கண்டத்துக்கே உரிய லக்கர் வல்லூறுக்கு அந்த விலை இல்லை. அதனால் அதைத் தூண்டிலாக்கினார்கள். இமைகளைத் தைத்து, காலில் கண்ணிகள் பொதிந்த இறகுக்கட்டு ஒன்றைக் கட்டிப் பறக்கவிடுவார்கள். அது இரையோடு தடுமாறிப் பறக்கிறது என்று நினைத்துப் பிடுங்க வரும் பெரிய வல்லூறு கண்ணியில் மாட்டும். 'பரக்' என்று பெயர். லக்கர் அருகி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். உரிமம் கொடுக்கும்போது விலையுள்ள பறவையைத்தான் எண்ணுவோம். விலையில்லாத பறவை எந்தக் கணக்கிலும் வராது.

"அப்ப புடிக்கிற வித்தை தெரிஞ்சவன்லாம் என்னா பண்ணுவான்?" என்று அண்ணன் கேட்டார். அன்றைக்கு அவர் கேட்டதிலேயே நல்ல கேள்வி இதுதான்.

உலகமெங்கும் பறவை ஆய்வாளர்கள் வேட்டைப் பறவைகளைப் பிடிக்கப் பயன்படுத்தும் ஒரு பொறியின் பெயர் 'பால்-சத்ரி'. கம்பிக் கூண்டுக்குள் ஒரு எலி, கூண்டின்மேல் முழுக்கச் சுருக்குகள். ஆங்கிலக் கையேடுகளிலும் இந்தப் பெயர்தான். இந்தியப் பறவை பிடிப்பவர்களிடமிருந்து போன வித்தை. பிகாரில் மிர்ஷிகார் என்று ஒரு சமூகம், தலைமுறைகளாகப் பறவை பிடிப்பவர்கள். அவர்களில் ஒருவரான அலி ஹுசைன், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் சேர்ந்து பல பத்தாண்டுகள் வளையமிடுவதற்காகப் பறவைகளைப் பிடித்துக்கொடுத்தார். அப்பனும் பாட்டனும் விற்பதற்காகப் பிடித்தார்கள். இவர் காலில் எண் மாட்டி விடுவதற்காகப் பிடித்தார். நம் கோடியக்கரையிலும் அந்தக் கழகத்தின் வளையமிடும் பணி நெடுங்காலம் நடந்திருக்கிறது.

சட்டத்தின் 12ஆம் பிரிவு கல்விக்கும் அறிவியல் ஆய்வுக்கும் இந்தக் கதவை மட்டும் திறந்து வைத்திருக்கிறது. அதை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து, கண்ணி பின்னத் தெரிந்த கைகளுக்குச் சம்பளமும் அடையாள அட்டையும் கொடுத்து, முதலில் நம்மிடம் என்ன இருக்கிறது என்று எண்ணச் சொல்லலாம். உரிமத்தைப் பற்றிப் பேசுவதென்றால் அந்தக் கணக்கு கைக்கு வந்த பிறகு பேசலாம்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது வரைக்கும் எம் புறா?" என்றார். அதற்கு என்னிடம் இருந்தது கூண்டுக்கு மேலே நல்ல வலை போடச் சொல்லும் யோசனை மட்டும்தான். போட்டிருக்கிறார்.