அவன் இல்லாமல் ஒரு கேக்!

தலைப்பைப் படித்ததும் ஏதோ காதல் தோல்விக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே 'அவன்' என்பது கேக் சுடுகிற மின்சார அடுப்பு!

தமிழ்நாட்டில் மிக்ஸி இல்லாத வீட்டைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். 2011-ல் அரசே விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கிய பிறகு கிராமத்து ஓட்டு வீட்டிலும் மிக்ஸி சத்தம் கேட்கிறது. ஆனால் அவன் இருக்கும் வீடுகள் எத்தனை? மிகக் குறைவுதான். இட்லி ஆவியில் வேகும், தோசை கல்லில் வேகும், முறுக்கு எண்ணெயில் வேகும். நாலு பக்கமும் மூடிய சூட்டுக்குள் வைத்துச் சுடுகிற வேலை இங்கே வீட்டுச் சமையலில் கிடையாது. அதனால்தான் அதிரசப் பாகுக்குப் பதம் பார்க்கத் தெரிந்த கைகூட, கேக் என்றதும் பேக்கரிக்குப் போய் நிற்கிறது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. குக்கரின் அடியில் மணலோ உப்போ பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, உள்ளே கேக் மாவுப் பாத்திரத்தை வைத்துச் சுடுவது பல வீடுகளில் நடக்கும் வித்தைதான். நன்றாகவும் வரும். ஆனால் அதற்குக் கொஞ்சம் அனுபவம் வேண்டும். தீ கூடினால் அடி கருகும், பாதியில் திறந்து பார்த்தால் நடு அமுங்கும். ஒருமுறை கெட்டால் கெட்டதுதான்.

இந்தத் தொல்லை எதுவுமே இல்லாத கேக் ஒன்று இருக்கிறது. அதுதான் சாக்லேட் பிஸ்கட் கேக். மாவு இல்லை, பேக்கிங் பவுடர் இல்லை, முட்டை இல்லை. சாக்லேட்டை உருக்க 5 நிமிடம் அடுப்பு வேண்டும், அவ்வளவுதான். மீதி வேலையைக் குளிர் பார்த்துக்கொள்ளும்.

குளிர் எப்படிக் கேக் செய்யும்?

சாதாரண கேக் சூட்டில் உருவாகிறது. முட்டையிலும் மாவிலும் உள்ள புரதமும், மாவில் உள்ள ஸ்டார்ச்சும் வெப்பத்தில் இறுகிக் கெட்டியாகின்றன. இது ஒருவழிப் பாதை. வெந்த இட்லியை மறுபடி மாவாக்க முடியாது அல்லவா? அதுபோலத்தான்.

பிஸ்கட் கேக்கில் நடப்பது வேறு. மார்கழி மாதம் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பார்த்தால் வெள்ளையாக உறைந்து கிடக்கும். வெயிலில் வைத்தால் இளகிவிடும். சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெயும் அதே குணம் கொண்ட கொழுப்புதான். என்ன, அது உருகுவதற்கு ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். மனித உடம்பின் சூடு 37 டிகிரி. அதனால்தான் சாக்லேட் கையில் ஓரளவு நிற்கிறது, வாயில் போட்டதும் கரைகிறது! உருகிய சாக்லேட்டில் பிஸ்கட் துண்டுகளைப் புரட்டிக் குளிர வைத்தால், அந்தக் கொழுப்பு உறைந்து எல்லாத் துண்டுகளையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்கிறது. செங்கல்லுக்கு நடுவே சிமெண்ட் மாதிரி.

இன்னொரு வேடிக்கையும் இதில் இருக்கிறது. டீயில் முக்கிய மேரி பிஸ்கட் எத்தனை நொடி தாங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு நொடி தாமதித்தால் பாதி பிஸ்கட் கிளாஸின் அடியில்! அதே பிஸ்கட் சாக்லேட்டுக்குள் நாட்கணக்கில் மொறுமொறுப்பாக இருக்கிறது. காரணம் சுலபம். பிஸ்கட்டை நமநமக்கச் செய்வது தண்ணீர்தான். டீயில் முழுக்கத் தண்ணீர். சாக்லேட்டில் தண்ணீர் அநேகமாக இல்லை. சுற்றி உறைந்த கொழுப்பு வெளி ஈரத்தையும் உள்ளே விடுவதில்லை.

ஊர் ஊராக ஒரே கேக்

"இதெல்லாம் ஒரு கேக்கா? அவன் இல்லாதவர்கள் செய்யும் சமாளிப்பு" என்று சிலர் சொல்வதுண்டு. அவர்களுக்குப் பதில் லண்டனில் இருக்கிறது. 2011 ஏப்ரல் 29-ல் இளவரசர் வில்லியம் - கேத்தரின் திருமணம் நடந்தது. அந்த விருந்தில் பல அடுக்குப் பழக் கேக்கோடு, மணமகன் ஆசைப்பட்டுக் கேட்ட இன்னொரு கேக்கும் வைக்கப்பட்டது. அது இந்தச் சாக்லேட் பிஸ்கட் கேக்தான்! அரச குடும்பத்துச் செய்முறைப்படி மெக்விட்டீஸ் நிறுவனம் செய்து கொடுத்தது. 1,700 'ரிச் டீ' பிஸ்கட்டுகளும் 17 கிலோ சாக்லேட்டும் அதற்குப் போனதாக அப்போது செய்தி வந்தது. அரண்மனையில் அவனுக்கா பஞ்சம்? பிடித்துச் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

பிரிட்டனில் இதே வகையை 'டிபன்' என்றும் சொல்கிறார்கள். இங்கே டிபன் என்றால் இட்லி, பொங்கல். அங்கே அதே பெயரில் சாக்லேட் துண்டு! ஜெர்மனியில் பிஸ்கட்டையும் கோகோ கலவையையும் அடுக்கடுக்காக வைத்து உறைய வைக்கிறார்கள். அதன் பெயர் 'கால்ட்டர் ஹுண்ட்', அதாவது 'குளிர்ந்த நாய்'. கலவையை இறுக வைக்க அவர்கள் சேர்ப்பது தேங்காய்க் கொழுப்பு. மார்கழி பாட்டில் கதைதான் அங்கேயும். இத்தாலியிலும் போர்ச்சுகலிலும் தொத்திறைச்சி மாதிரி உருட்டி, வட்டவட்டமாக வெட்டுகிறார்கள். மலேசியாவில் 'கேக் பாத்திக்'. வெட்டிய பக்கம் பாத்திக் துணியின் கோலம் போலத் தெரிவதால் அந்தப் பெயர். இலங்கையில் மேரி பிஸ்கட்டைப் பாலில் நனைத்து, இடையிடையே கோகோ, வெண்ணெய், சர்க்கரைக் கலவை தடவி, மேலே முந்திரி தூவிச் செய்யும் 'சாக்லேட் பிஸ்கட் புடிங்' விருந்துகளில் தவறாமல் இடம் பிடிக்கும்.

இந்த ஊர்களில் பலவற்றைச் சேர்த்து வைப்பது மேரி பிஸ்கட்தான். 1874-ல் ரஷ்ய இளவரசி மரியாவுக்கும் விக்டோரியா மகாராணியின் மகனுக்கும் நடந்த கல்யாணத்தை ஒட்டி, லண்டனில் பீக் பிரீன்ஸ் கம்பெனி போட்ட பிஸ்கட் அது. இளவரசியின் பெயர் பெட்டிக்கடை பாட்டில் வரை வந்துவிட்டது. இனிப்புக் குறைவு, கொழுப்புக் குறைவு, விலையும் குறைவு. இந்தக் கேக்குக்கு அதைவிடப் பொருத்தமான பிஸ்கட் இல்லை. கிரீம் பிஸ்கட் சரிப்படாது, திகட்டிவிடும்.

தேவையானவை

மேரி பிஸ்கட் - 200 கிராம்
டார்க் சாக்லேட் - 200 கிராம்
உப்பில்லாத வெண்ணெய் - 100 கிராம்
கண்டென்ஸ்டு மில்க் - 100 கிராம் (ஏறக்குறைய 5 மேசைக்கரண்டி)
முந்திரி, உலர் திராட்சை - இரண்டும் சேர்த்து 50 கிராம்
உப்பு - ஒரு சிட்டிகை

செய்முறை

பிஸ்கட்டைக் கையால் உடைக்க வேண்டும். ஒரு பிஸ்கட் 5, 6 துண்டானால் போதும். மிக்ஸியில் போட்டால் தூளாகிவிடும். தூள் சாக்லேட்டைக் குடித்துவிடும், கடிக்க ஒன்றும் இருக்காது. முந்திரியை வாணலியில் வெறுமனே வறுத்து ஆற வைக்கலாம்.

ஒரு பாத்திரத்தில் இரண்டு விரற்கடை தண்ணீர் வைத்துச் சுட வைத்து, அதன்மேல் பொருந்துகிற இன்னொரு எவர்சில்வர் பாத்திரத்தை வைக்க வேண்டும். மேல் பாத்திரத்தின் அடி தண்ணீரில் படக்கூடாது, ஆவி மட்டுமே படவேண்டும். அதில் வெண்ணெயையும் துண்டு போட்ட சாக்லேட்டையும் போட்டுக் கிளறினால் சில நிமிடங்களில் பளபளவென்று உருகிவிடும். இறக்கி வைத்து உப்பும் கண்டென்ஸ்டு மில்க்கும் சேர்த்துக் கலக்க வேண்டும். பிறகு பிஸ்கட், முந்திரி, திராட்சை எல்லாவற்றையும் கொட்டி, ஒவ்வொரு துண்டின் மேலும் சாக்லேட் படும்படி புரட்ட வேண்டும்.

பட்டர் பேப்பர் விரித்த தட்டையான டிபன் பாக்ஸிலோ கேக் தட்டிலோ கொட்டி, கிண்ணத்தின் அடியால் நன்றாக அழுத்த வேண்டும். இந்த அழுத்தம் முக்கியம். நடுவே காற்று இடைவெளி இருந்தால் வெட்டும்போது உதிரும். மூடி, பிரிட்ஜில் 4 மணி நேரம். மூடி அவசியம்! வெண்ணெய் பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். புளித்த மாவு வாசனையோடு சாக்லேட் கேக் யாருக்கு வேண்டும்?

கவனிக்க வேண்டியவை

சாக்லேட்டுக்குப் பெரிய எதிரி, ஒரு சொட்டுத் தண்ணீர். ஈரக் கரண்டி பட்டாலே உருகிய சாக்லேட் திடீரென்று மணல்மணலாகத் திரண்டுவிடும். உள்ளே இருக்கும் சர்க்கரையும் கோகோத் தூளும் அந்த ஈரத்தைப் பிடித்து ஒட்டிக்கொள்வதுதான் காரணம். அதற்காகத் தூக்கிப் போட வேண்டாம். கொஞ்சம் சூடான பால் விட்டுக் கிளறினால் திரும்ப இளகும். கேக் சற்று மென்மையாக வரும், அவ்வளவே.

கடைகளில் 'காம்பவுண்ட்' என்று ஒரு கட்டி கிடைக்கும். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. விலை மலிவு, வெயிலையும் கொஞ்சம் தாங்கும். ஆனால் வாயில் கரைவதற்குப் பதில் மெழுகு மாதிரி ஒட்டும். வாங்கும்போது பின்பக்கம் உள்ள பொருட்கள் பட்டியலைப் படித்துவிட்டால் ஏமாற்றம் இல்லை.

சாக்லேட் கட்டிக்கே பட்ஜெட் இல்லாத விடுதி மாணவர்களுக்கும் வழி உண்டு. 4 மேசைக்கரண்டி கோகோ பவுடர், 100 கிராம் சர்க்கரை, 100 மில்லி பால், 100 கிராம் வெண்ணெய். இவற்றைக் கொதிக்க விட்டு ஆற வைத்து, அதில் பிஸ்கட்டைப் புரட்டி உறைய வைக்கலாம். பால் இருப்பதால் பிஸ்கட் நமத்து மெத்தென்று இருக்கும். 2, 3 நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். (அதுவரை இருந்தால்தானே!)

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இது அவன் கேட்காத கேக், ஆனால் பிரிட்ஜ் கேட்கிற கேக். 2012-ல் போல நாளெல்லாம் மின்சாரம் போய்ப் போய் வந்தால் இது உறையாது. சித்திரை வெயிலில் மேசைமேல் அரை மணி நேரம் விட்டால் அல்வாவாகிவிடும். பிரிட்ஜ் இல்லாத அறையில், தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, நன்றாக மூடிய டப்பாவை அதற்குள் வைத்தும் உறைய வைக்கலாம்.

யாருக்கான கேக்?

பல வீடுகளில் பிறந்தநாள் கேக் வெட்டும்போது ஒரு காட்சியைப் பார்க்கலாம். எல்லோரும் மேசையைச் சுற்றி நிற்பார்கள். முட்டை சாப்பிடாத பாட்டி மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று கைதட்டுவார். பேரன் ஊட்டப் போனால் "எனக்கு வேண்டாம் கண்ணு, நீ சாப்பிடு" என்பார். முட்டையில்லாத கேக் கடையில் கிடைக்கிறதுதான், ஆனால் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் "எந்தப் பாத்திரத்தில் செய்தார்களோ" என்று அவருக்கு மனசு ஒப்பாது. தன் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில், தன் கண் முன்னால் செய்த கேக்கை அவர் தயங்காமல் வாயில் போடலாம். பிஸ்கட், சாக்லேட் பாக்கெட்டுகளில் பச்சைக் கட்டத்துக்குள் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கினால் போதும்.

அதேபோல, சமையலறைப் பக்கம் வந்தாலே "சூடு, கிட்ட வராதே" என்று விரட்டப்படும் பிள்ளைகள். சாக்லேட் உருக்குவதைப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டால், மற்ற எல்லா வேலையையும் 8 வயதுப் பிள்ளை செய்யலாம். உடைப்பது, புரட்டுவது, அழுத்துவது, கிண்ணத்தை நக்குவது உட்பட! பெண் பிள்ளை, ஆண் பிள்ளை என்ற கணக்கும் இதில் இல்லை. "இதை நான் செய்தேன்" என்று சொல்லி வீட்டில் உள்ள எல்லோருக்கும் தட்டு நீட்டுவது பேக்கரி கேக்கில் கிடைக்காத பெருமை.

வெட்டும்போது கத்தியை வெந்நீரில் காட்டி, ஈரம் போகத் துடைத்துவிட்டு வெட்ட வேண்டும். சில நாள் கழித்து மேலே வெளுத்தது போலத் தெரிந்தால் அது பெரும்பாலும் கொழுப்போ சர்க்கரையோ மேலே வந்து படிவதுதான். பூஞ்சை என்றால் பஞ்சு மாதிரி இருக்கும், வாடையும் அடிக்கும்.

முதல் தடவை செய்யும்போது துண்டுகள் உதிர்ந்து போகலாம். கவலையே வேண்டாம். உதிர்ந்ததை எல்லாம் அதே பாத்திரத்தில் போட்டு, ஆவியில் லேசாக இளக்கி, இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தி, மறுபடி பிரிட்ஜில் வைத்தால் போதும். அவனில் வெந்த கேக்குக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. இதற்கு உண்டு!